பாலிதீன் பாக்கியம்

உக்காருங்க சார். அந்தச் சேர் வேணாம், அது கால் ஆடும், இதுல உக்காருங்க. அத்தை குப்பை வண்டியில போயிருக்காக. எட்டேகாலுக்கு நம்ம தெருவுக்கு வண்டி வந்துரும். வந்ததும் நீங்களே நேருக்கு நேரா கேட்டுக்கிடுங்க. வரமாட்டேம்பாகன்னு நினைக்காதீங்க. ஜீப்பு அனுப்புறேன், தங்க வீடு தாறேன், மாசச் சம்பளம் தாறேன்னு போன்ல சொல்லியிருக்கீங்க, எந்த மாமியார் வேணாம்பாக? தாராளமா உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எங்க அத்தை கொஞ்ச நாளைக்காவது வேற எங்கயாச்சும் போய் இருக்கணும்னு பதினோரு வருசமா நான் கும்பிடாத சாமி கிடையாது. அந்தச் சாமி இப்ப உங்க நகராட்சி ஜீப்புல வந்து இறங்கியிருக்கு, வேணாம்பேனா?

ஆனா ஒண்ணு. ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த ஆளைப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும்ல? நாளைக்கு நீங்க வந்து, ஏம்மா திலகராணி, இதையெல்லாம் முன்னாடியே சொல்லக்கூடாதான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? அதனால சொல்லிருறேன். என் மனசுல ஒண்ணும் கிடையாது. இட்லி சாப்பிடுறீங்களா? வேணாமா? நல்லதாப் போச்சு. இன்னைக்கு அத்தைக்கு வண்டிக்கு நேரமாயிருச்சுன்னு நான் ஊத்துனது.

முதல்ல, குறட்டை. ஆளைப் பாத்தா நாலரை அடிதான் இருப்பாக, குறட்டை லாரி மாதிரி வரும். ரெண்டாவது, டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொண்ணுலயும் இஞ்சி தட்டிப் போட்டிருக்கணும். மூணாவது, வேலை செய்யமாட்டாக. காலையில வாசலைக் கூட்டி, சமையலை முடிச்சு, என் பிள்ளைக ரெண்டையும் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தாகன்னா அதோட சரி. சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிடப் போற வரைக்கும் சும்மா துணியைத் துவைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. நாலாவது, கவர். அதான் சார் முக்கியம். எல்லாப் பிரச்சினையும் அந்தக் கவர்லதான் ஆரம்பிச்சது.

என் வேலை உங்களுக்குத் தெரியும்ல? கரிசல்பேட்டை நகராட்சியில பதினாலாவது வார்டு பரப்புரையாளர். வீடு வீடாப் போயி, மக்குற குப்பையைப் பச்சைக் கூடையில போடுங்க, மக்காத குப்பையை நீலக் கூடையில போடுங்கன்னு சொல்லணும். அவுகளும் தலையைத் தலையை ஆட்டுவாக. ஆட்டிட்டு மீன் தலை, தேங்காய்ச் சிரட்டை, பிள்ளையோட பழைய நோட்டு எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டி என் கையிலயே குடுப்பாக. மூணு வருசமா இதான் கதை. இதுல என் சொந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? ஒரு சாக்கு நிறைய பாலிதீன் கவர். ஜவுளிக்கடை கவர், நகைக்கடை கவர், மருந்துக்கடை கவர், என் கல்யாணத்துக்குச் சேலை வாங்குன கவர்கூட இருக்கு. ஒண்ணையும் தூக்கிப் போட விடமாட்டாக. கழுவி, காயப் போட்டு, முக்கோணமா மடிச்சு, சாக்குக்குள்ள வச்சுருவாக. கேட்டா, "இருக்கட்டும்மா, எதுக்காவது ஆகும்"பாக. ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக்கை ஒழிங்கன்னு சொல்றவ வீட்டுல இப்படி ஒரு சாக்கு இருந்தா வெளிய தலை காட்ட முடியுமா சார்?

அந்தச் சமயத்துலதான் எங்க சுகாதார ஆய்வாளர் ஜெபராஜ் சார் கூப்பிட்டுச் சொன்னாரு. "திலகராணி, வண்டியில போடுற பாட்டை ஒரு பயலும் கேக்க மாட்டேங்கிறான். எல்லாரும் டிவியில சீரியல்தான் பாக்குறாங்க. நீ பன்னெண்டாவது படிச்சிருக்கல்ல? குப்பையை வச்சு ஒரு சீரியல் எழுது. தினம் மூணு நிமிசம் வண்டி ஸ்பீக்கர்ல போடுவோம்"னாரு.

எனக்கு அன்னைக்கே கதை வந்துருச்சு. எங்க வந்துச்சுன்னா, கட்டிலுக்கு அடியில பாத்துக்கிட்டு நின்னப்ப வந்துச்சு. ஒரு குப்பைத் தொட்டி. அதுல ரெண்டு பேரு குடியிருக்காக. மருமக பேரு வாழைப்பழத்தோல் வள்ளி. நல்லவ. பொறுமைசாலி. நாளைக்கே மக்கி உரமாகி நாலு செடியை வாழ வைக்கப் போறவ. மாமியார் பேரு பாலிதீன் பாக்கியம். எதுக்கும் ஆகாது. ஆயிரம் வருசமானாலும் மக்காது. வள்ளி மேல விழுந்து அமுக்கி அவளை மக்க விடாம நாற அடிக்கும். தீர்வு என்ன? ரெண்டு பேரையும் தனித்தனியா வைக்கணும். வள்ளி பச்சைக் கூடையில, பாக்கியம் நீலக் கூடையில. பதினஞ்சாவது நாள் பாக்கியத்தைத் தூக்கி நீலக் கூடையில போட்டு, வேற ஊருக்கு அனுப்பிச்சு, சுபம்.

இதுல என் சொந்த விசயம் எதுவும் இல்ல சார். சத்தியமா இல்ல. சிவகாசியில என் கொழுந்தனார் வீடு இருக்கு, மாடி வீடு, அங்க அத்தை போய் இருக்கலாமேன்னு நான் நினைச்சது வேற, இந்தக் கதை வேற.

முதல் நாலு நாள் எல்லாக் குரலும் நானே பேசி போன்ல பதிஞ்சேன். வண்டி ஓட்டுற காசிலிங்கம் அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டுக் காமிச்சாரு. நல்ல வரவேற்பு. இளவட்டப் பொம்பளைக எல்லாம் என் கையைப் பிடிச்சு, "அக்கா, எங்க வீட்டுல நடக்குறதை அப்படியே சொல்லுறீங்க"ன்னாளுக. ஒரே வாரத்துல நம்ம வார்டுல மூணு பேரு தனிக்குடித்தனம் போயிட்டாக. அதுக்கும் நான்தான் காரணம்னு பின்னாடி சொன்னாக, அதை விடுங்க. ஆனா மாமியார் குரல் எனக்குச் சரியா வரல. தொண்டை கட்டிப் போச்சு. அப்ப என் வீட்டுக்காரர் இருக்காரே, எப்பவும் வாயைத் திறக்காத மனுசன், அன்னைக்குன்னு திறந்தாரு. "அம்மாவைப் பேசச் சொல்லேன்"னாரு.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். அவுக வாயாலயே அவுக குணத்தைச் சொல்ல வைக்கிறோம்ல? அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஒரு வரி சொல்ல, அவுக திருப்பிச் சொல்லணும். உக்கார வச்சேன். டீ கேட்டாக, குடுத்தேன். வசனத்தைச் சொன்னேன். "அடியே வள்ளி, நான் ஆயிரம் வருசம் இருப்பேன்டி, உன்னைய நாற வைப்பேன்டி!" அத்தையும் அப்படியே சொன்னாக. நல்லாத்தான் சொன்னாக. நான் போனை நிறுத்துறதுக்குக் கையைக் கொண்டு போறேன், அவுக பாட்டுக்குப் பேசுறாக.

"நானாவா வந்தேன் வள்ளி? உன் புருசன் வெறுங்கையை வீசிக்கிட்டுக் கடைக்குப் போனான். கத்தரிக்காயைக் கையில பிடிச்சுட்டு வர வெக்கப்பட்டுக்கிட்டு என்னையக் கூட்டிட்டு வந்தான். கடையிலருந்து வீடு வரைக்கும் சுமந்தேன். ஒரு காய் கீழ விழுகல. வீடு வந்ததும் காயை எடுத்துக்கிட்டீக. இப்ப என்னையப் போன்னா நான் எங்கம்மா போவேன்? எனக்குச் சாகவும் தெரியாதே."

இது நான் எழுதவே இல்ல சார். இதுல ஒரு எழுத்துகூட நான் எழுதல. அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம்னு பாத்தா, காசிலிங்கம் அண்ணன் வாசல்ல ஹாரன் அடிக்கிறாரு. சரி, ஒரு நாள்தானே, யாரு கேக்கப் போறான்னு குடுத்து விட்டேன்.

யாரு கேட்டாகளா? வார்டே கேட்டுச்சு. மறுநாள் வண்டி முக்குல திரும்பும்போது தெருவுல கூட்டம். குப்பை போட இல்ல சார், பாக்கியம் என்ன சொல்லுறான்னு கேக்க. ஓய்வு பெற்ற சர்வேயர் சங்கிலி சார் இருக்காரே, எதிர் வீடுதான், அவரு முண்டாசைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுக் கேக்குறாரு. பால் கவரைக் கையில வச்சிருந்த ஒரு ஆச்சி அதை நீலக் கூடையில போடாம வீட்டுக்குள்ளயே திருப்பி எடுத்துட்டுப் போகுது. "ஏன் ஆச்சி?"ன்னா, "பாவம்த்தா, எங்க போவா?"ங்குது.

அதோட போச்சு சார் என் கதை. நான் தினமும் பாக்கியத்துக்கு வில்லத்தனமா எழுதுவேன். அத்தை அதைச் சொல்லிட்டு, பின்னாடி ரெண்டு வரி சேத்துருவாக. மாட்டு வயித்துக்குள்ள போய் மாட்டிக்கிட்டு, "தாயி, உன்னையக் கொல்லணும்னு நான் வரல, தெருவுல போட்டாக, நீ பசியில தின்னுட்ட"ன்னு மாட்டுக்கிட்ட மன்னிப்பு கேக்குறாக ஒருநாள். அன்னைக்கு நம்ம தெருவுல மாடு வச்சிருக்கிற வீட்டுல எல்லாம் அடுப்பு எரியல. கல்மனசுக்காரன் காசிலிங்கம் அண்ணன், வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதுட்டுத்தான் எடுத்தாரு.

என் நிலைமையைக் கேளுங்க. வள்ளி குரல் என் குரல்தானே? ரேசன் கடை வரிசையில நிக்கிறேன், பின்னாடி இருந்து ஒருத்தி, "மாமியாரைக் குப்பையில போடப் போறவளுக்குப் பாமாயில் ஒரு கேடா?"ங்குறா. எனக்கு இல்ல சார், வாழைப்பழத்தோலுக்குச் சொல்லுறா! பூக்காரம்மா எனக்குப் பூ அளந்து போடும்போது முழத்தைச் சுருக்குது. இந்த ஊருக்கு நான் மூணு வருசமா வெயில்ல அலைஞ்சு சொன்னது ஒண்ணு. கட்டில்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே அவுக சொன்னது ஒண்ணு. எதைப் பிடிச்சுக்கிட்டாக பாத்தீங்களா? நியாயம் வேணாமா?

பதினஞ்சாவது நாள் வந்துச்சு. பாக்கியத்தை வெளிய அனுப்புற நாள். விடுவேனா? எழுதுனபடி எழுதினேன். வள்ளி சொல்லுறா, "அத்தை, இனி உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல, நீலக் கூடைக்குப் போங்க." வண்டி காந்தி தெரு முக்கு வரைக்கும்தான் போச்சு. வார்டு சனமெல்லாம் நடுரோட்டுல பாயை விரிச்சு உக்காந்துட்டாக. மறியல்! குப்பை வண்டியை மறிச்சு மறியல்! சங்கிலி சார் முன்னால உக்காந்து மனு எழுதுறாரு. "பதினாலாவது வார்டு பொதுமக்கள் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால், பாக்கியம் அம்மாளை வீட்டைவிட்டு அனுப்பும் முடிவைக் கைவிட்டு, வள்ளி பகிரங்க மன்னிப்பு கேட்க வேண்டும்." எண்பத்தி மூணு கையெழுத்து. என் சொந்தப் புருசன் போட்ட கையெழுத்து ஒன்பதாவது இருக்கு!

மன்னிப்பு கேட்டேன் சார். ஜெபராஜ் சார் மைக் ஒண்ணு வாங்கிட்டு வந்து கையில குடுத்து, "கேட்டுரு திலகராணி, ரோடு அடைச்சுக் கிடக்கு"ன்னாரு. வாழைப்பழத்தோல் சார்பா, பாலிதீன் கவர்கிட்ட, நடுரோட்டுல நின்னு மன்னிப்பு கேட்ட பரப்புரையாளர் தமிழ்நாட்டுல நான் ஒருத்திதான். கூட்டத்துல இருந்து ஒரு அக்கா தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, மஞ்சள், ஒரு நூல் சேலை வச்சுக் கொண்டாந்து வேடிக்கை பாக்க வந்து நின்ன அத்தைகிட்ட நீட்டுறாக. அத்தை வாங்கிட்டாக. அந்தச் சேலைதான் இன்னைக்கும் கட்டிட்டுப் போயிருக்காக. அன்னையிலருந்து போன்ல பதியறதும் கிடையாது, நான் எழுதுறதும் கிடையாது. மைக்கைப் பிடிச்சு அவுகளே வண்டியில உக்காந்து நேரடியாப் பேசுறாக.

சரி, இதுல குப்பைக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? அதுவும் சொல்லுறேன். பிளாஸ்டிக் வரத்தே நின்னு போச்சு. ஒருத்தரும் போட மாட்டேங்கிறாக. கழுவிக் காயப் போடுறாக. அதோ பாருங்க, சங்கிலி சார் மொட்டை மாடிக் கொடியில, வேட்டி ஒண்ணு, பனியன் ஒண்ணு, மிச்சம் பூராவும் பால் கவர், வரிசையா கிளிப்பு மாட்டி. கடையில போய் கவர்ல போட்டுக் குடுத்தா, "வேணாம்ப்பா, கூட்டிட்டுப் போனா வச்சுக் காப்பாத்தணும், என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டு, மஞ்சப்பையை நீட்டுறாக. கவரை வீட்டுக்குக் கொண்டாறதுக்கே பயப்படுறாக. கவர்ல கட்டி வச்ச சாமான் ஒண்ணும் விக்கலன்னு மளிகைக்கடைக்காரர் என்னையப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறாரு.

ஜெபராஜ் சார் என்னையக் கூப்பிட்டுக் கத்துனாரு. "உன் வார்டுல மட்டும் மக்காத குப்பையே வரல, மேல நான் என்னத்தைக் கணக்கு காட்ட?"ன்னாரு. என் வேலை போச்சுன்னுதான் நினைச்சேன். ரெண்டு நாள் சோறு இறங்கல. அத்தைதான் ரசஞ்சோத்தைப் பிசைஞ்சு வச்சு, "தின்னும்மா, பாத்துக்கிடலாம்"னாக. மூணாம் நாள் மேல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. வார்டைச் சுத்திப் பாத்தாரு. "பிளாஸ்டிக்கே இல்லாத வார்டு! இதைத்தானே இருபது வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கோம்!"னு ஜெபராஜ் சாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. விழா வச்சுக் கேடயம் குடுத்தாக. கேடயத்தை ஒரு பாலிதீன் கவர்ல போட்டுக் குடுத்தாக சார். அத்தை அதையும் மடிச்சு சாக்குக்குள்ள வச்சுட்டாக.

மேடையில அத்தையைப் பேசச் சொன்னாக. என்ன சொன்னாக தெரியுமா? "எல்லாம் என் மருமக எழுதுனது"ன்னாக. பொய்! அப்பட்டமான பொய்! அப்பத்தான் முத முதலா ஊரே என்னையப் பாத்துக் கை தட்டுச்சு.

அதைக் கேள்விப்பட்டுத்தானே நீங்க வந்திருக்கீங்க. நேத்து நீங்க போன் பண்ணதும் அத்தைகிட்ட விவரம் சொன்னேன். "நீ என்ன சொல்லுற?"ன்னாக. நான் எதுக்குச் சொல்லணும்? "உங்க இஷ்டம்"னேன். சாயங்காலம் பாத்தா சாக்கை வெளிய இழுத்து வச்சு கவரை ஒண்ணொண்ணா எண்ணி மடிச்சுக்கிட்டு இருக்காக. என் சின்ன மகன், "ஆச்சி, ஊருக்குப் போனா என்னைய யாரு பள்ளிக்கூடத்துல விடுவா?"ன்னு கேக்குறான். அவன் கையில ஒரு கவரைக் குடுத்து மடிக்கச் சொல்லுறாக. ராத்திரி குறட்டைச் சத்தமே இல்ல. குறட்டை இல்லாம எனக்குத் தூக்கமும் வரல. காலையில எந்திரிச்சு, அந்த நூல் சேலையைக் கட்டிக்கிட்டு, சமையக்கட்டுப் பக்கமே வராம வண்டிக்குப் போயிட்டாக. பதினோரு வருசத்துல நான் இட்லி ஊத்துனது இன்னைக்குத்தான் சார்.

அதனால யோசிச்சுக்கிடுங்க. குறட்டை இருக்கு. டீ ஆறு. வேலைக்கு ஆகாது. எழுதிக் குடுத்ததைப் பேசமாட்டாக. உங்க ஊர் மளிகைக்கடை எல்லாம் மூடிக்கிடும். அந்தச் சாக்கை வைக்கவே உங்க ஜீப்புல இடம் பத்தாது. இவ்வளவு சொல்லியும் ஏன் சார் சிரிக்கிறீங்க? நான் அவுகளைப் பத்தி நல்லதா ஒண்ணாவது சொன்னேனா?

இருங்க. ஸ்பீக்கர் சத்தம் கேக்குதுல்ல? வண்டி வந்துருச்சு. பாத்தீங்களா, எல்லா வீட்டுலயும் கதவு திறக்குறதை. அந்தா, முன் சீட்டுல உக்காந்திருக்காக பாருங்க, அந்த நாலரை அடி. கேளுங்க, பேசுறாக.

"ஏம்மா வள்ளி... பக்கத்து ஊர்லருந்து ஜீப்பு வந்து வாசல்ல நிக்குதாம்மா. தார்ல என்னைய உருக்கி ஊத்தி ரோடு போடப் போறாகளாம். மரியாதையான வேலைதான். நாலு சனம் நடக்கும். இங்க இருந்தா இந்த வீட்டு ஆணியில தொங்கிக்கிட்டு இருப்பேன், கடைக்குப் போறப்ப உன் கையில வருவேன். எனக்கு எதுன்னாலும் சரிதான். நேத்துக் கேட்டதுக்கு என் இஷ்டம்னுட்ட. இப்பச் சொல்லும்மா. போகவா, இருக்கவா?"

அத்தை என்ன இப்படிப் பண்ணுறாக? வண்டி ஏன் நம்ம வாசல்ல நிக்குது? காசிலிங்கம் அண்ணே, மைக்கை எதுக்கு என்கிட்ட நீட்டுறீங்க? நான் இன்னைக்கு எதுவும் எழுதலயே. சார், சங்கிலி சாரு பேனாவும் பேப்பருமா வெளிய வந்து நிக்கிறாரு பாருங்க, மனு எழுத. எல்லாரும் என்னையவே பாக்குறாக. என்னத்தைச் சொல்ல? வள்ளி என்னத்தைச் சொல்லுவா?

அத்தை... கேக்குதா? இட்லி ஆறுது. நான்தான் ஊத்துனேன். கல்லு மாதிரி இருக்கு, சாரே வேணாம்னுட்டாரு. நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் வரல அத்தை. ராத்திரி பூரா தூங்கல. எங்கயும் போக வேணாம். இறங்கி வாங்க.

விசிலடிக்கிறாக பாருங்க, குப்பைக் கூடையைத் தட்டித் தட்டி. நீங்களும் ஏன் சார் கண்ணைத் துடைக்கிறீங்க? நான் அழுகல. குப்பை வண்டி பக்கத்துல நின்னா எனக்கு எப்பவும் கண்ணு எரியும். என்னது அத்தை? மாவுல உப்பு போட்டேனாவா? போட்டேன்னுதான் நினைக்கிறேன். உளுந்தா? ஐயோ அத்தை, மைக்கை நிறுத்திட்டுக் கேளுங்க, வார்டே கேட்டுக்கிட்டிருக்கு!

மன்னிச்சுக்கிடுங்க சார், வெறுங்கையோட அனுப்புறேன். அந்த ஜீப்பைக் கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுங்க, வண்டி திரும்பணும்.